பழைய கால்குலேட்டரோடு மலை இறங்கும் பிள்ளைகளுக்கு

வாழவந்தியிலும் அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் பிளஸ் டூ முடித்து, இந்த ஆண்டு சேலத்துக் கல்லூரிகளில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

நானும் இதே மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவள்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கிப் போய்ப் படித்து, இப்போது அடிவாரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் பருவத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் பாடம் தொடங்கும் வாரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நகரத்துப் பிள்ளைகள் மேசைமேல் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் வைத்திருப்பார்கள். ஈருறுப்புப் பரவல் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் மெனுவைத் திறந்து மூன்று எண்களைப் போட்டு விடையைச் சொல்லிவிடுவார்கள். மலையிலிருந்து வந்த பிள்ளையின் பையில் இருப்பது பெரும்பாலும் அண்ணனோ சித்தப்பா மகனோ பாலிடெக்னிக்கில் வைத்திருந்த 991எம்எஸ். விசைகளின் எழுத்துத் தேய்ந்திருக்கும். அதை வெளியே எடுக்கவே கூச்சப்பட்டு, பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். அந்தக் கூச்சம் வேண்டாம். அந்தப் பழைய பெட்டியில் பாடத்தில் வரும் மூன்று பரவல்களும் இருக்கின்றன. எடுக்கும் வழி தெரிந்தால் போதும்.

பிளஸ் டூ கணிதத் தேர்வு அறைக்குள் நீங்கள் கால்குலேட்டர் கொண்டுபோனதில்லை. பாய்சான் கணக்கு என்றால் இ-யின் அடுக்கு கழித்தல் 2 என்பது 0.1353 என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். இயல்நிலைப் பரவலுக்குப் புத்தகத்தின் கடைசியில் அட்டவணை இருந்தது. அதுவும் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு. கணிதம் எடுத்தவர்களுக்குப் பாடம் ஈருறுப்போடு நின்றுவிட்டது. ஆகவே கல்லூரிக்குள் நுழையும்போது கருவியும் புதிது, பாதிப் பேருக்குப் பரவலும் புதிது. இரண்டு பயமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பழுத்த காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் தட்டை முகம் கொண்ட இரண்டு கொட்டைகள் வரும். சில பழங்களில் மட்டும் ஒரு சூல் வளராமல் போக, மற்றது தனியாக உருண்டு திரண்டுவிடும். அதுதான் பீபெரி. காப்பித்தூள் அரைக்கும் கடைகளில் அதற்குத் தனிப் பெயரும் தனி விலையும் உண்டு. கணக்குக்காகப் பத்துப் பழத்தில் ஒன்று பீபெரி என்று வைத்துக்கொள்வோம். கலந்து கொட்டிய குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது பழங்களை அள்ளுகிறீர்கள். அதில் சரியாக இரண்டு பீபெரி இருக்க என்ன வாய்ப்பு?

20சி2 × 0.1² × 0.9¹⁸. எம்எஸ்-இல் என்சிஆர் என்று எழுதியிருக்கும் விசையே உண்டு. சிலரிடம் இருக்கும் 991இஎஸ் பிளஸ் மாடல் என்றால் ஷிஃப்ட் அழுத்தி வகுத்தல் குறி. விடை 0.2852. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் அடுக்கில் வருகிறது. 18 என்று மனத்தில் கழித்துப் போடாமல், சூத்திரத்தில் உள்ளபடியே 20−2 என்று அடைப்புக்குறி இல்லாமல் எம்எஸ்-இல் தட்டினால், கருவி 0.9-ஐ இருபது முறை பெருக்கி, கடைசியில் மொத்தத்திலிருந்து 2-ஐக் கழித்துவிடும். திரையில் −1.769 நிற்கும். நிகழ்தகவு கழித்தல் எண்ணாக இருக்க முடியாது என்று உங்களுக்குப் பள்ளியிலிருந்தே தெரியும். ஆனாலும் அதை அப்படியே விடைத்தாளில் எழுதி அடிக்கோடும் போட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் திருத்துகிறேன். அவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. திரையில் வந்தது என்பதற்காகத் தங்கள் அறிவைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்துவிட்டவர்கள்.

அடுத்தது கூட்டல். இரண்டு அல்லது அதற்குக் குறைவாக என்றால் பூச்சியம், ஒன்று, இரண்டு ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். இஎஸ் பிளஸ்-இல் சிக்மா குறி இருக்கிறது. கோவையை ஒருமுறை எழுதி, 0-லிருந்து 2 வரை என்று சொன்னால் கூட்டித் தந்துவிடும். எம்எஸ்-இல் சிக்மா இல்லை. அதனால்தான் எம்எஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் வேறொரு வழி சொல்லிக்கொடுக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்த வழி அதுதான்.

முதலில் நினைவகத்தைப் பூச்சியமாக்குங்கள். பிறகு 0.9-இன் அடுக்கு 20 என்று தட்டி, சமக்குறிக்குப் பதில் எம் பிளஸ் விசையை அழுத்துங்கள். 0.1216 வரும். ஒரு பீபெரியும் இல்லாத வாய்ப்பு அது. அடுத்து ஆன்சர் × 20 ÷ 1 ÷ 9, மறுபடி எம் பிளஸ். 0.2702. இது ஒரு பீபெரி. அடுத்து ஆன்சர் × 19 ÷ 2 ÷ 9, எம் பிளஸ். 0.2852. இது இரண்டு. மேலே உள்ள எண் ஒவ்வொன்றாகக் குறைகிறது, கீழே உள்ளது ஒவ்வொன்றாகக் கூடுகிறது. 9 ஏன் என்றால், பீபெரி ஒன்றுக்குச் சாதாரணப் பழம் ஒன்பது. இப்போது நினைவகத்தைத் திறந்து பாருங்கள். 0.6769. காரணீயப் பெருக்கமும் இல்லை, சேர்வும் இல்லை, அடுக்குகூட ஒருமுறைதான். ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு முதலில் ஏறி, இரண்டில் உச்சம் தொட்டு, மூன்றில் 0.1901, நான்கில் 0.0898 என்று இறங்குவதை உங்கள் விரலே உணரும். மெனுவில் மூன்று எண் போட்டு விடை வாங்கிய பிள்ளைக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் தெரியாது.

பாய்சானுக்கும் இதே நடைதான். சராசரியை லாம்டா என்று வைத்தால், இ-யின் அடுக்கு கழித்தல் லாம்டாவில் தொடங்கி, லாம்டா ÷ 1, லாம்டா ÷ 2, லாம்டா ÷ 3 என்று பெருக்கிக்கொண்டே போகலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இந்தக் கருவிகளில் காரணீயப் பெருக்கம் 69 வரைதான். 70 போட்டால் விடை பத்தின் நூறாம் அடுக்கைத் தாண்டிவிடும் என்பதால் மேத் எரர் என்று நின்றுவிடும். சூத்திரத்தை அப்படியே தட்டுகிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். படிப்படியாகப் பெருக்கிப் போகிறவருக்கு அந்தச் சுவர் குறுக்கே வராது. பின்னாளில் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதப் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். அங்கே சொந்தக் கருவி கிடையாது. திரையில் தெரியும் மெய்நிகர் கால்குலேட்டர்தான். அதில் பரவல் மெனுவைத் தேடினால் கிடைக்காது.

இனி இஎக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு. கடன் வாங்கியாவது அதை வாங்கிக்கொடுத்த அப்பா அம்மா இந்த மலையிலும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அந்தக் கருவியில் ஈருறுப்புக் குவிவு என்று கேட்டால், நீங்கள் கொடுத்த எண் வரைக்குமான கூடுதலை மட்டும் தரும். 'வரைக்கும்' என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் அதற்குப் பதில் தெரியும். நம் கேள்வித்தாளோ 'குறைந்தது', 'அதிகபட்சம்', 'விடக் குறைவு', 'விட அதிகம்' என்று நான்கு விதமாகக் கேட்கும். இருபதில் குறைந்தது ஐந்து பீபெரி என்றால் கருவிக்குக் கொடுக்க வேண்டியது 4. வந்த 0.9568-ஐ ஒன்றிலிருந்து கழித்தால் 0.0432. கேள்வியில் ஐந்து என்று இருக்கிறதே என்று 5 கொடுத்துக் கழித்தால் 0.0113. சரியான விடையில் ஏறத்தாழ கால் பங்கு. இரண்டும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட, பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கும் எண்கள். முன்பு −1.769 வந்தபோது எண்ணே காட்டிக்கொடுத்தது. இங்கே காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. தமிழ் வாக்கியத்தை நிறுத்திப் படித்தால்தான் உண்டு. ஒரு கோடு போட்டு, 0 முதல் 20 வரை புள்ளி வைத்து, கேட்ட புள்ளிகளை வட்டமிட்டுவிட்டு விசையைத் தொடுங்கள். அரை நிமிடம் ஆகும்.

இயல்நிலைப் பரவலில் பழைய கருவிக்காரர்கள் பாக்கியவான்கள் என்பேன். எம்எஸ்-இல் மோட் விசையை இருமுறை அழுத்தி 1 கொடுத்தால் எஸ்டி என்ற நிலைக்குப் போகும். அங்கே ஷிஃப்ட் 3. இஎஸ் பிளஸ்-இல் மோட் 3, பிறகு 1, ஏசி, ஷிஃப்ட் 1, பிறகு 5. பி, கியூ, ஆர் என்று மூன்று தெரியும். பி என்பது இடக்கோடியிலிருந்து நீங்கள் கொடுக்கும் எண் வரைக்குமான பரப்பு. ஆர் என்பது அந்த எண்ணிலிருந்து வலக்கோடி வரை. நடுவில் நிற்கும் கியூ, பூச்சியத்திலிருந்து அந்த எண் வரை. உங்கள் பிளஸ் டூ புத்தகத்தின் பின்பக்க அட்டவணையும் பூச்சியத்திலிருந்துதான் பரப்பைத் தந்தது. ஆக, புத்தகத்தில் விரல் வைத்துத் தேடிய அதே எண் கியூ-வில் இருக்கிறது. 50 கிலோ என்று கட்டும் மூட்டைகளின் எடைக்குத் திட்ட விலக்கம் 0.4 கிலோ என்றால், 49.5-க்குக் கீழே போகிற மூட்டை எத்தனை பங்கு? அரைக் கிலோவை 0.4-ஆல் வகுத்தால் 1.25. கியூ 1.25 என்பது 0.3944. பாதியிலிருந்து கழித்தால் 0.1056. அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள், அப்படியே இருக்கும்.

இஎக்ஸ்-இல் இதே கணக்குக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை, சிக்மா, மியூ என்ற வரிசையில் கேட்கும். சராசரி கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. நம் புத்தகங்கள் இயல்நிலைப் பரவலைச் சராசரி, பரவற்படி என்று அடைப்புக்குறிக்குள் எழுதுகின்றன. இரண்டாவது எண் சிக்மாவின் வர்க்கம். கருவி கேட்பதோ சிக்மா. வர்க்கமூலம் எடுக்காமல் அப்படியே போட்டுவிட்டு, விடை ஏன் ஒத்துவரவில்லை என்று கருவியைக் குலுக்கிப் பார்க்கும் பிள்ளைகள் நிறைய.

இவ்வளவும் விரல் வேலை. இரண்டு வாரத்தில் பழகிவிடும். நான் உண்மையில் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

எந்தக் கருவியும் உங்களிடம், 'இந்த 0.1 எங்கிருந்து வந்தது?' என்று கேட்காது. பத்துப் பழத்தில் ஒன்று பீபெரி என்றேன் அல்லவா? பழங்களுக்குப் பதிலாக, பல்ப்பரில் தோல் நீக்கி உலர்த்திய கொட்டைகளில் இருபதை அள்ளினால் என்ன ஆகும்? பத்துப் பழத்தில் ஒன்பது பழங்கள் இரண்டிரண்டு கொட்டை தரும், ஒன்று ஒற்றைக் கொட்டை தரும். மொத்தம் 19 கொட்டை, அதில் பீபெரி ஒன்று. 0.1 என்பது 1/19 ஆகிவிட்டது. இருபதுக்குச் சராசரி இரண்டு என்பது ஒன்றுக்குச் சற்றே மேலாக இறங்கிவிட்டது. களமும் அதே, செடியும் அதே, கால்குலேட்டரும் அதே. எண்ணுவது பழமா கொட்டையா என்பதில் முழுக் கணக்கும் மாறிவிடுகிறது. இதை எந்த மெனுவும் எச்சரிக்காது. பழத்தைப் பிதுக்கிப் பார்த்த கை மட்டுமே எச்சரிக்கும். அந்தக் கை உங்களுக்கு இருக்கிறது.

அதைப்போல இன்னொன்று. ஈருறுப்புப் பரவல், ஒவ்வொரு பழமும் அடுத்த பழத்தைக் கேட்காமல் தானாகப் பீபெரியாகிறது என்று எடுத்துக்கொள்கிறது. கலந்த குவியலில் அது பொருந்தும். ஒரே செடியில் பறித்த இருபது பழத்துக்குப் பொருந்துமா? மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காத செடியில் பீபெரி கூடும், நன்றாகப் பிடித்த செடியில் குறையும். ஒரு கிளையின் பழங்களுக்குள் உறவு இருக்கிறது. பாய்சானும் அப்படித்தான். நிகழ்வுகள் ஒன்றையொன்று அழைத்து வராதபோதுதான் அது நிற்கும். மாசி பங்குனியில் பூ மழைக்காக வானம் பார்த்து உட்கார்ந்திருக்கும் வீடுகளில் பிறந்தவர்கள் நீங்கள். மழை தனித்தனியாக வருமா, கூட்டாளியோடு வருமா என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரம் முழுக்கக் காய்ந்து கிடக்கும், அடுத்த வாரம் தொடர்ந்து ஊற்றும். வாரத்துக்கு இத்தனை மழை நாள் என்று சராசரி எடுத்து அதை நேராகப் பாய்சானில் போட்டால், கருவி நான்கு தசம இடம் வரைக்கும் தவறான விடையைத் தரும்.

இதைச் சோதிக்கவும் அதே பழைய கருவி போதும். பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் ஒன்றே. வாரந்தோறும் எண்ணிய எண்களை எஸ்டி நிலையில் உள்ளிட்டு, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கேளுங்கள். திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்துங்கள். அது சராசரியைவிட மிகவும் பெரிதாக இருந்தால், நிகழ்வுகள் கும்பலாக வருகின்றன, பாய்சான் அங்கே செல்லாது. சராசரியும் திட்ட விலக்கமும் தரும் அந்த இரண்டு விசைகளைத்தான் பிள்ளைகள் மிகக் குறைவாகத் தொடுகிறார்கள். பரவலைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அங்கேதான் நடக்கிறது.

பாய்சானைப் பேசும்போது கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சிலேட்டில் கணக்குப் போட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு அவர் விட்ட கேள்விகளில் 294-ஆவது கேள்வி, இ-யின் அடுக்குத் தொடரைப் பற்றியது. அவர் அதைத் தொடராகவே எழுதினார். நம் பாடத்தின் கண்ணால் பார்த்தால் அது பாய்சான் பரவல். சராசரி ஒரு முழு எண் என்று வையுங்கள், 2 என்போம். பூச்சியம், ஒன்று ஆகியவற்றின் வாய்ப்புகளைக் கூட்டினால் 0.4060. பாதிக்குக் குறைவு. இரண்டின் வாய்ப்பு 0.2707-ஐயும் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடும். சரியாகப் பாதி வர அந்த 0.2707-இல் எத்தனை பங்கு எடுக்க வேண்டும்? 0.3473 பங்கு. சராசரி 1 என்றால் 0.3591. 3 என்றால் 0.3428. 10 என்றால் 0.3363. அந்தப் பங்கு எப்போதும் அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில்தான் இருக்கும் என்பதே இராமானுஜன் நிறுவச் சொன்னது. 1913 ஜனவரியில் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இன்னும் நெருக்கமான எல்லைகளையும் கொடுத்தார். அந்த நெருங்கிய எல்லைகளுக்கு முழு நிறுவல் அச்சில் வந்தது 1995-இல்.

மேலே சொன்ன எண்களை எம் பிளஸ் நடையிலேயே நீங்கள் பத்து நிமிடத்தில் பெறலாம். நான் முதன்முதலாக அப்படிப் போட்டுப் பார்த்து, 0.3591, 0.3473, 0.3428 என்று எண்கள் மூன்றில் ஒன்றை நோக்கி ஊர்ந்து இறங்கியதைக் கண்ட இரவை மறக்கவில்லை. கையில் இருந்தது எழுத்து அழிந்த ஓர் எம்எஸ் கருவி. இராமானுஜனிடம் அதுவும் இல்லை.

ஆகவே முதல் நாள் வகுப்பில் உங்கள் கருவியை மேசைமேல் வையுங்கள். பக்கத்துப் பிள்ளை மெனுவில் விடை சொன்னால் சொல்லட்டும். நீங்கள் படிப்படியாகப் பெருக்கி அதே விடைக்கு வந்து சேருங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம், பழத்தையா கொட்டையையா எண்ணினோம் என்று கேளுங்கள். சண்டைக்காக இல்லை. அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்க இப்போது ஆளில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பாடம் முடிக்கும் அவசரத்தில் அது விட்டுப்போகிறது.

ஒரு வேண்டுகோள். கார்த்திகை மார்கழியில் பழம் பறிக்கும்போது நான் ஊருக்கு வருவேன். அதற்குள் உங்களில் பத்துப் பேராவது, தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு விதமாக எண்ணிவையுங்கள். கலந்த குவியலிலிருந்து இருபது இருபது பழமாக ஐம்பது முறை. தனித்தனிச் செடியிலிருந்து இருபது இருபது பழமாக ஐம்பது முறை. பிதுக்கிய பழம் வீணாகாது, அது எப்படியும் பல்ப்பருக்குப் போகிறதுதான். ஒவ்வொரு முறையும் எத்தனை பீபெரி என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள். பத்தில் ஒன்று என்ற என் ஊகம் சரியா என்பது அதில் தெரிந்துவிடும். சரி என்றால், கலந்த குவியலில் சராசரி 2-க்கு அருகிலும் திட்ட விலக்கம் 1.34-க்கு அருகிலும் வர வேண்டும். தனிச் செடிகளில் சராசரி ஏறக்குறைய அதே இருந்து, திட்ட விலக்கம் மட்டும் கூடும் என்று நான் நினைக்கிறேன். நோட்டைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். கருவியையும் கொண்டுவாருங்கள், எந்த மாடலாக இருந்தாலும் சரி. பேட்டரி தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், சேலத்திலிருந்து வாங்கிவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா